லேசருக்கு முன் ஓர் எண்

கேள்வி: எனக்கு வயது 52. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. பல் துலக்கினால் இரத்தம் கசிகிறது. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று லேசாக ஆடுகிறது. "கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், லேசரிலேயே சரியாகிவிடும்" என்கிறார்கள் ஒரு தனியார் கிளினிக்கில். செய்துகொள்ளலாமா டாக்டர்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, கடிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு வேண்டிய எண்ணைத் தவிர. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் ஆழம்? மெல்லிய அளவுகோலை ஈறோரம் இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் பார்ப்பார்கள். 3 வரை கவலையில்லை. 4, 5 என்றால் உள்ளே கிருமி குடியேறிவிட்டது. 6-ஐத் தாண்டிய பள்ளத்தின் அடிவரை உங்கள் பிரஷ் எட்டவே எட்டாது. அளந்து பார்க்காமல் லேசர் பேசுகிறவரிடம் நானாக இருந்தால் வாயைத் திறக்கமாட்டேன்.

லேசரில் பல வகை உண்டு. சிறிய கிளினிக்குகளில் காணப்படும் டயோடு லேசர் ஈறுச் சதையை வெட்டும்; வேரில் கல்லாக இறுகிய அழுக்கான காரையைப் பெயர்க்காது. எர்பியம் வகை காரையையும் பெயர்க்கும். கத்தியில்லாச் சிகிச்சை என்று பெயர் வாங்கியது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி.யாக் லேசர், 2004-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த முறையிலும் காரையை எடுப்பது அதிர்வுக் கருவிதான்! பினாங்கு அரசுக் கிளினிக்கில் நான் சுரண்டிப்போட்ட காரையைச் சேர்த்து வைத்திருந்தால் பினாங்கின் உயரக் கட்டடமான கொம்தாருக்கு இன்னொரு தூண் எழுப்பியிருக்கலாம். அந்தச் சுரண்டலுக்கு இன்னும் மாற்று வரவில்லை. வேரைச் சுத்தம் செய்ததோடு லேசரும் சேர்த்தால் கூடுதலாக ஆழம் குறைவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்பதே 2018-இல் அமெரிக்க ஈறு நோய் நிபுணர்கள் கூடி வந்த முடிவு. அதற்குக் கேட்கும் பணத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முதலில் ஸ்கேலிங்கும் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவது) வேர்ச் சுத்தமும் செய்துகொள்ளுங்கள். அரசுக் கிளினிக் போதும். வரிசை நீளும், கையில் ஒரு புத்தகம் கொண்டுபோங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஆழம் குறையாத இடங்களுக்குத்தான் அறுவையா லேசரா என்ற பேச்சு.

சர்க்கரையை மறந்துவிடாதீர்கள். அது ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் அதுவும் அடங்காது. கடைசியாக எடுத்த, இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆடும் பல்லைப் பிடுங்க இப்போதே அவசரப்பட வேண்டாம். வீக்கம் வடிந்தால் சில பற்கள் இறுகுவதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் அந்த ஆறு எண்களையும் எழுதுங்கள்.