பிப்ரவரி 28-ல் முகூர்த்தம் வைக்கலாமா?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தகப்பனார் கேட்கிறார்: "மகள் கல்யாணத்துக்குக் குருக்கள் பிப்ரவரி 28 குறித்துக் கொடுத்தார். அதே தேதியில் 1960-ல் கரோல், 2025-ல் கரான்ஸ் என்று புயல் பட்டியலைக் காட்டிச் சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். மண்டபத் தரகரோ, 'ஒன்றும் வராது, முன்பணத்தைக் கட்டுங்கள்' என்று அவசரப்படுத்துகிறார். ஏப்ரல் 29-க்குத் தள்ளிவிட்டால் நிம்மதியா?"

ஐயா, பட்டியல் பொய்யில்லை. கரோல் நம் தீவை அடித்தது 1960 பிப்ரவரி 27, 28-ல்தான். காற்று மணிக்கு 256 கிலோமீட்டர் வரை போனது. கரான்ஸ் 2025 பிப்ரவரி 28 அன்று பக்கத்து ரெயூனியன் தீவின் வடக்கே கரையேறியது. ஆனால் இதை வைத்து அந்தத் தேதி ஆகாது என்று சொல்ல முடியாது. ஜனவரி 22-க்கு 2002-ல் டீனா இருக்கிறது, பிப்ரவரி 6-க்கு 1975-ல் ஜெர்வேஸ், 10-க்கு 1994-ல் ஹொலாண்டா. தை, மாசியில் எந்த நாளைத் தொட்டாலும் அக்கம்பக்கத்தில் ஒரு பெயர் கிடைக்கும். கடல் நன்றாகச் சூடேறிக் கிடக்கும் மாதங்கள் அவை. புயலுக்குத் தேவை அந்தச் சூடு, காலண்டர் தேதி இல்லை.

அப்புறம் அந்த ஏப்ரல் 29. நீங்கள் தப்பித்துப் போக நினைக்கும் தேதியில்தான் நம் நாட்டின் மிகக் கொடூரமான புயல் வந்தது. 1892 ஏப்ரல் 29. பருவம் முடிந்துவிட்டது என்று ஊரே நம்பியிருந்த நேரம். புயலின் கண் தீவின் மேலேயே கடந்தது. நடுவில் காற்று அடங்கியது, பிறகு எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடித்தது. முதல் அடியில் தாங்கிய சுவர்கள் இரண்டாவதில் சரிந்தன. ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். தலைநகர் போர்ட் லூயிஸில் மூன்றில் ஒரு பங்கு நாசமானது. இதைக் கேட்டு ஏப்ரல் 29-ம் வேண்டாம் என்று ஓடாதீர்கள். ஏப்ரல் கடைசியில் ஆபத்து பிப்ரவரியைவிட மிகக் குறைவு, அதில் சந்தேகமே இல்லை. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு ஊரை ஏமாற்றியதும் 'இனிமேல் வராது' என்ற பேச்சுதான். இன்றைக்கு உங்கள் தரகர் பேசுவதும் அதே பேச்சு. நம் புயல் பருவம் நவம்பர் 1-ல் தொடங்கி மே 15 வரை போகிறது. வைகாசி பிறக்கும்போதுதான் முடிகிறது. குருக்கள் வைகாசியில் நல்ல நாள் பார்த்துக் கொடுத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அது முடியாது, மாசியிலேயேதான் நடத்த வேண்டும் என்றால், சரி, நடத்தலாம். அப்போது நீங்கள் பார்க்க வேண்டியது வானத்தை அல்ல, தரகர் நீட்டும் காகிதத்தை. பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கும். அடியில் சின்ன எழுத்தில், இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பில்லை, முன்பணம் திரும்பாது என்று ஒரு வரி. தரகருக்கு அவர் கமிஷன் நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்றே போய்விடும், அதனால்தான் இந்த அவசரம். கொஞ்சம் நல்லவராக இருந்தால் 'கிளாஸ் 3 போட்டால் (அதாவது புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு ஏறினால்) தேதி மாற்றித் தருகிறோம்' என்பார். அதையும் நம்பி உட்காராதீர்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வரும் வாய்ப்பிருந்தால், அதற்குப் பகல் வெளிச்சத்தில் 12 மணி நேரம் முன்பாக கிளாஸ் 2, 6 மணி நேரம் முன்பாக கிளாஸ் 3 என்பதுதான் கணக்கு. கிளாஸ் 2-வில் மண்டபம் திறந்தே இருக்கும், காகிதப்படி நீங்கள் கல்யாணத்தை நடத்தித்தான் ஆக வேண்டும். விமானம் நின்று ரெயூனியன் சம்பந்திகள் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பார்கள். புயல் தள்ளிப் போனாலும் வாழைத்தோட்டம் படுத்துவிடும். செத் காரி, அதாவது ஏழு கறிச் சாப்பாடு போட இலைக்கு எங்கே போவீர்கள்?

இந்த எச்சரிக்கை முறை மேலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த எண்கள் காற்றுக்கு மட்டும். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் 11 பேர் செத்தது புயலில் அல்ல, திடீர் மழை வெள்ளத்தில். 2024 ஜனவரி 15, பெலால் புயல் வந்த அன்று, காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போன ஜனங்கள் தலைநகரில் கார்கள் மிதக்க மாட்டிக்கொண்டார்கள். வானிலைத் துறை இயக்குநர் பதவி விலகினார். ஒருவர் விலகினால் போதுமா? மழைக்கும் காற்றுக்கும் சேர்த்து ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே எச்சரிக்கை கொடுக்க இன்னும் எத்தனை உயிர் போக வேண்டும்?

ஆகையால் ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள்: கல்யாணத்துக்கு முந்தின நாளோ அன்றோ கிளாஸ் 2 அல்லது அதற்கு மேல், இல்லை கனமழை எச்சரிக்கை இருந்தால், கூடுதல் பணமில்லாமல் வேறு தேதி. வேறு தேதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும். சமையல்காரர், வேன்காரர், போட்டோக்காரர் எல்லாரிடமும் இதே வரி. முற்றத்தில் இரும்புக் குழாய் நட்டுத் தார்ப்பாய் இழுத்துக் கட்டும் சால் வெர்த் மாசியில் வேண்டவே வேண்டாம். கான்கிரீட் கூரை உள்ள மண்டபமாகப் பாருங்கள், ஆற்றோரம், ஓடையோரம் இல்லாததாக. இந்த வரியைச் சேர்க்க மாட்டேன் என்கிற தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்; மண்டபக்காரரை நேரில் போய்ப் பாருங்கள்.