பழைய டச் போனுக்குள் இருக்கும் வண்டிப்பாதை

கேள்வி: சார், அலங்காநல்லூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரும்புக் காடு இருக்கிறது. ரோட்டிலிருந்து காட்டுக்குப் போக, பக்கத்துக் காட்டின் தென்ஓரமாக ஒரு வண்டிப்பாதை. எங்க அய்யா காலத்தில், 1995 வாக்கில் இருந்து முதலில் மாட்டு வண்டி, அப்புறம் டிராக்டர், எல்லாம் அதில்தான் போய் வந்தன. பக்கத்துக் காட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். அவருடைய மகன் போன தை மாதம் கல் ஊன்றி முள்கம்பி கட்டிவிட்டு, "இங்கே பாதையே கிடையாது, 2018-ல்தான் பாவம் பார்த்து விட்டேன்" என்கிறார். நான் 2009-ல் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு நோக்கியா 5800 டச் போன் வாங்கினேன். 2010 கரும்பு வெட்டின்போது டிராக்டர் அந்தப் பாதையில் போவதை அதில் வீடியோ எடுத்தேன். அந்தப் பெரியவர் வரப்பில் நின்று, "போங்கப்பா, நம்ம பாதைதானே" என்று சொல்வதும் கேட்கிறது. திரையில் ஓடியதை என் மகன் அவன் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறான். இப்போது பழைய போனின் பேட்டரி உப்பிவிட்டது. கடையில் கொடுத்து சாஃப்ட்வேர் போட்டு, வீடியோவை எடுத்துக்கொண்டு, போனைப் போட்டு பிளாஸ்டிக் குடம் வாங்கிவிடலாம் என்கிறான். இந்த வீடியோ கோர்ட்டில் செல்லுமா?

பதில்: முதலில் அந்தக் குடக்காரரைத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் வழக்கின் பாதி அந்த போனுக்குள் இருக்கிறது. மீதிப் பாதியைக் கடைசியில் சொல்கிறேன்.

மகன் எடுத்து வைத்திருப்பது நகலின் நகல். அசல் என்பது அந்தக் காட்சி முதன்முதலில் பதிவான இடம், அதாவது உங்கள் போனோ அதிலிருக்கும் மெமரி கார்டோதான். இது ஏன் முக்கியம் என்றால், அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. மின்னணுப் பதிவின் நகலைக் கொண்டு வந்தால் அதற்குச் சான்றிதழ் கட்டாயம். அசல் கருவியையே கொண்டு வந்து, அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறி "இது என் போன், நான்தான் பயன்படுத்தினேன், இதில்தான் முதலில் பதிவானது" என்று நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை. அந்தத் தீர்ப்பு மொபைல் போனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆக, நீங்கள் அந்த போனுக்குச் சொந்தக்காரராக இருப்பதே ஒரு சாட்சியம். பில் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. அதே போனில் இருக்கும் குடும்பப் படங்களும் உங்கள் வாய்மொழிச் சாட்சியமும் அந்த இடத்தை நிரப்பும்.

அந்தத் தீர்ப்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவைப் பற்றியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023. அதில் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இரண்டு பாகம் கொண்டது. ஒன்றில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், மற்றொன்றில் ஒரு நிபுணர். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு நொடியை வெட்டினாலும் மாறிவிடும். எதிர்த்தரப்புக்கு எப்படியும் பென் டிரைவில் நகல் கொடுக்கத்தான் வேண்டும். அதனால் அசல் கையில் இருந்தாலும் சான்றிதழையும் சேர்த்தே போடுவது என் வழக்கம். குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வி குறையும்.

இனி போன் சமாச்சாரம். 5800 வைத்திருந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். இப்போதைய திரை மாதிரி விரல் பட்டதும் ஓடாது, அழுத்தினால்தான் கேட்கும். நகத்தாலோ கூட வந்த குச்சியாலோ தட்ட வேண்டும். (கோர்ட் வளாகத்தில் அந்தக் குச்சியைப் போன் தட்டியதைவிடக் காது குடைய அதிகம் பயன்படுத்தியவர்களை எனக்குத் தெரியும்.) உங்கள் குச்சி தொலைந்திருந்தால் பேனாவின் மூடி போதும், கூர்மையான எதையும் வைத்துக் கீறிவிடாதீர்கள்.

உப்பிய பேட்டரியில் சார்ஜ் ஏற்றவே கூடாது, தீப்பிடிக்கும். கழற்றித் தனியாக வையுங்கள். இந்த போனுக்கான பேட்டரி பிஎல்-5ஜே. பிற்பாடு வந்த லூமியா 520-க்கும் இதேதான், அதனால் மீனாட்சி பஜார் பக்கம் விசாரித்துப் பாருங்கள். சார்ஜர் பழைய நோக்கியாவின் மெல்லிய பின். பேட்டரி மட்டும் மாற்றச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். கடைக்காரர் "சாஃப்ட்வேர் அடிச்சாத்தான் எந்திரிக்கும்" என்றால் போனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அதை அடித்தால் போன் மெமரியில் இருப்பது போய்விடும். *#7370# என்று போனில் தட்டும் ஒரு குறியீடு உண்டு, அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். போன் எழுந்துவிட்டால் வீடியோ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்த மாடலில் உள்மெமரி 81 எம்பி மட்டுமே, பெரும்பாலும் வீடியோ கார்டில்தான் இருக்கும். அப்படியானால் கார்டுதான் அசல். அதை எடுத்து மகனுடைய போனில் போடாதீர்கள். "ஃபார்மேட் பண்ணவா" என்று அது கேட்கும், அவசரத்தில் யாராவது ஆமாம் என்று தட்டிவிடுவார்கள். நகல் எடுக்கும் வேலையைச் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போகும் நிபுணரே செய்யட்டும்.

எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் கேட்கப்போகும் கேள்வி தேதி பற்றியது. "போனில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாமே?" நியாயமான கேள்விதான். பேட்டரி வெகுநாள் செத்துக் கிடந்த போன், திரும்ப எழும்போது நம்மிடமே தேதி கேட்கும். அதனால் 2010 என்பதை வீடியோவுக்கு வெளியிலிருந்தும் நிரூபிக்கப் பாருங்கள். டிராக்டரின் நம்பர் பிளேட் படத்தில் தெரிகிறதா? அந்த வருடம் கரும்பு ஆலைக்குப் போயிருந்தால் வெட்டு உத்தரவும் எடைச் சீட்டும் பரணில் கிடக்கிறதா? சீட்டில் வண்டி எண்ணும் தேதியும் இருந்து, படத்திலும் அதே எண் தெரிந்தால், போன் கடிகாரத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இதெல்லாம் ஒட்டு வேலை என்று அவர் அடித்துச் சொன்னால், தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நாமே மனுப் போடலாம்.

சரி, இப்போது கசப்பான பகுதி. "போங்கப்பா, நம்ம பாதைதானே" என்ற வார்த்தை உங்களுக்குச் சாதகம் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் வாதாடுவேன். ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும். வசதியுரிமைச் சட்டம், 1882-இன் 15-ஆம் பிரிவுப்படி, ஒருவர் நிலத்தின் வழியாக 20 வருடம் வெளிப்படையாக, சண்டை சச்சரவின்றி, இடைவிடாமல், உரிமையாகப் போய் வந்தால் பாதை பாத்தியம் கிடைக்கும். "உரிமையாக" என்பதுதான் உயிர்ச்சொல். அவர் அனுமதித்தார், நீங்கள் போனீர்கள் என்று ஆனால் அது வெறும் சலுகை, ஐம்பது வருடம் போனாலும் பாத்தியம் ஆகாது. "போங்கப்பா" என்பதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, எங்கப்பா அனுமதி கொடுத்தார்" என்பார் அவர். "நம்ம பாதைதானே" என்பதைப் பிடித்துக்கொண்டு, நில உரிமையாளரே பொதுப் பாதை என்று ஒப்புக்கொண்டார் என்போம் நாம். அப்பாவிடமிருந்து மகனுக்கு நிலம் வந்திருப்பதால், நிலம் தன் கையில் இருந்தபோது அப்பா சொன்னது மகனுக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ளப்படும். அதனால் அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் என்ன பேச்சு நடந்தது என்பதை நான் கேட்காமல் வீடியோவைத் தாக்கல் செய்ய மாட்டேன். உங்கள் அய்யா "அண்ணே, வண்டி போகட்டுமா?" என்று கேட்டிருந்தால் கதை வேறு. வெட்டி ஒட்டி நல்ல பகுதியை மட்டும் கொடுப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம், முழுசாகத்தான் போக வேண்டும்.

ஒன்று நிச்சயம். 2018-ல்தான் பாதை வந்தது என்ற அவருடைய கதை இந்த வீடியோவோடு முடிந்தது. ஆனால் 2010 முதல் கணக்குப் போட்டால் 20 வருடம் வராது. 1995 தொடங்கி 2010 வரை நடந்ததைச் சொல்லப் பழைய ஆட்கள் வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டியவர், கரும்பு வெட்டிய மேஸ்திரி, எதிர்க்காட்டுக்காரர் என்று இரண்டு மூன்று பேர் இருந்தால் போதும். மீதிப் பாதி என்றேனே, அது இவர்கள்தான்.

அதற்கு முன் ஒரு எளிய வேலை. இரண்டு நிலத்துக்கும் எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தையும், நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள், அரசின் இ-சேவைத் தளத்திலேயே கிடைக்கும். அதில் வண்டிப்பாதை புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் இந்தப் பாடே வேண்டாம், தாசில்தாரிடம் ஆக்கிரமிப்பு மனு கொடுக்கலாம். உங்கள் கிரயப் பத்திரத்தில் சொத்து விவரத்தின் கீழ் "மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். போனைவிட அது பெரிய ஆயுதம்.

முள்கம்பியை நீங்களாக வெட்டாதீர்கள், கிரிமினல் வழக்கில் மாட்டிவிடுவார்கள். அதே சமயம் சும்மாவும் இருக்காதீர்கள். தடை இருப்பது தெரிந்தும் ஒரு வருடம் பொறுத்துப் போனால், இடைவிடாமல் அனுபவித்தேன் என்ற வாதம் அடிபடும். 20 வருடக் கணக்கும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். கல் ஊன்றியது தை மாதம் என்பதால் அடுத்த தை வருவதற்குள் பிராது, அதாவது வழக்கு மனு, கோர்ட்டில் இருக்க வேண்டும். இப்போதே ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். முன்சீஃப் கோர்ட்டில் வழக்கோடு இடைக்காலத் தடையுத்தரவும், கோர்ட் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனர் வந்து இடத்தைப் பார்க்கவும் சேர்த்தே கேட்கலாம். டயர் தடம் மழையில் அழிவதற்குள் கமிஷனர் வந்துவிட்டால் நல்லது.

பிராதோடு நகலையும் சான்றிதழையும் கொடுத்துவிட்டு, போனை நீங்கள் சாட்சி சொல்லும் நாளில் காட்டுவதாகப் பட்டியலில் குறிப்பிடுங்கள். கோர்ட் அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்தால் அது மறுபடியும் உப்பும். அதுவரை பேட்டரியைக் கழற்றி, போனையும் கார்டையும் ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும், மகனிடம் வேண்டாம்.