வெளிநாட்டில் ஓராண்டுத் திருச்சபைத் தன்னார்வப் பணி: முதல் மூன்று மாதங்களில் எதில் கவனம் வேண்டும்?

கேள்வி: நான் ஏற்காட்டைச் சேர்ந்தவள். வயது 21. பட்டப்படிப்பை முடித்துவிட்டு எங்கள் பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுத்துவருகிறேன். பங்குத்தந்தையின் பரிந்துரையால் ஜெர்மனியில் திருச்சபை நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் ஓராண்டுத் தன்னார்வப் பணிக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் புறப்பட வேண்டும். ஜெர்மன் மொழியில் ஏ2 எனப்படும் தொடக்கநிலைத் தேர்வு தேறியிருக்கிறேன். மலைக்காரி என்பதால் குளிருக்கு அஞ்சவில்லை. ஆனால், தெரியாமல் ஏதாவது செய்து, என்னை நம்பி அனுப்பிய பங்குக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தொடக்கத்தில் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: சகோதரி, புதிய ஊருக்குப் போகிறவருக்குப் பயம் இருப்பது இயல்புதான். ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் எனக்குக் கவலை தருகிறது. சேலம் வட்டாரத்திலிருந்து இப்படிச் செல்லும் இளையோருக்குப் புறப்படுவதற்கு முன் பயிற்சி அளித்துவருகிறேன். அங்கே போய்த் திணறியவர்களில், தவறு செய்து அவப்பெயர் வாங்கியவர்கள் மிகச் சிலர். பங்கின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று எதையும் வாய்திறந்து சொல்லாமல், எல்லாவற்றையும் மனத்துக்குள் வைத்துப் புழுங்கி, பாதியில் திரும்பியவர்களே அதிகம். ஆகவே புரியாததைப் புரியவில்லை என்றும், முடியாததை முடியாது என்றும், உரியவரிடம் உடனே சொல்லப் பழகுவதைத்தான் முதல் மூன்று மாதங்களின் தலையாய வேலையாக நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பங்குகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எளிதில் வராது. பெரியவர்கள் ஒன்று சொன்னால் "சரிங்க ஃபாதர்", "சரிங்க சிஸ்டர்" என்று தலையாட்டிவிட்டு, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நமக்குப் பழக்கம். அங்கே நீங்கள் தலையாட்டினால், சொன்னது முழுவதும் விளங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். முதியோர் இல்லத்தில் இதன் விளைவு கடுமையாக இருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படும் முதியவர்களில் பலருக்குத் தண்ணீரையோ தேநீரையோ அப்படியே கொடுக்கமாட்டார்கள். அதற்கென்று உள்ள மாவைக் கலந்து, கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுப்பார்கள். தாகமாக இருக்கிறது என்று கையைப் பிடித்துக் கேட்கும் பாட்டிக்கு மனமிரங்கி ஒரு டம்ளர் வெறும் தண்ணீரைக் கொடுத்தால், அது மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியலாம். காலையில் பணிமாற்றத்தின்போது செவிலியர்கள் வேகமாகப் பேசிக்கொள்ளும் இத்தகைய தகவல்கள் ஏ2 அறிவுக்குப் பிடிபடமாட்டா. சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, பெயர் எழுதாமல் அறை எண்ணை மட்டும் குறித்து, யாருக்கு எது ஆகாது என்று எழுதி, அதைச் செவிலியரிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கிறாளே என்று அவர்கள் சலித்துக்கொள்வார்களோ என அஞ்ச வேண்டாம். கேட்காமல் செய்பவரைத்தான் அவர்கள் நம்பத் தயங்குவார்கள். அந்தக் குறிப்பேடு இல்லத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, உங்கள் ஒப்பந்தத்தை இப்போதே, சேலத்திலோ ஏற்காட்டிலோ இருக்கும்போதே, வரி வரியாகப் படியுங்கள். ஜெர்மனியில் இளையோரின் தன்னார்வப் பணி சட்டத்துக்கு உட்பட்டது. எஃப்எஸ்ஜே எனப்படும் சமூகப் பணி ஆண்டுக்கு 1964 முதல் சட்டம் இருக்கிறது. கட்டாய இராணுவச் சேவை நிறுத்திவைக்கப்பட்டபோது, 2011இல், பிஎஃப்டி என்ற கூட்டாட்சித் தன்னார்வப் பணி வந்தது. உங்கள் தாளில் இவற்றில் எது குறிப்பிடப்பட்டிருக்கிறது, வார வேலை நேரம் எவ்வளவு, கைச்செலவுப் பணம் எவ்வளவு, தங்குமிடமும் உணவும் யார் பொறுப்பு, விடுப்பு எத்தனை நாள் என்பவை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். ஓராண்டுப் பணியில் இருக்கும் இளையோருக்கு 25 நாள் பயிற்சி முகாம் உண்டு. அது வேலை நேரமாகவே கணக்கிடப்படும். இல்லத்தில் ஆள் குறைவு என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. உங்களைப் போன்ற அயல்நாட்டு இளையோரை நீங்கள் சந்திக்கப்போவதும் அங்கேதான்.

தன்னார்வலர் ஊதியப் பணியாளரின் இடத்தை நிரப்பக் கூடாது என்பது இந்தப் பணியின் அடிப்படை விதி. உணவு ஊட்டுவது, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்கு அழைத்துச் செல்வது, பேச்சுத்துணையாக இருப்பது எல்லாம் உங்கள் வேலை. மாத்திரை பிரித்துக் கொடுப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது உங்கள் வேலை அல்ல. ஆள் பற்றாக்குறை நாளில் யாராவது நல்லெண்ணத்தோடே கேட்கலாம். அப்போது எனக்கு அனுமதி இல்லை என்று சொல்வது பணிவுக்குக் குறைவாகாது. பிரச்சினை தீரவில்லை என்றால், முதலில் இல்லத்திலேயே உங்களுக்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்டவரிடம் பேசுங்கள். அங்கும் தீரவில்லை என்றால், உங்களைப் பணியமர்த்திய பொறுப்பு அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் போங்கள். இந்த இரண்டாவது கதவு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஏற்காட்டிலுள்ள பங்குத்தந்தைக்கு நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் அழுது குரல் பதிவு அனுப்புவதைவிட, அந்த ஒருங்கிணைப்பாளருக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதுவது விரைவில் பலன் தரும்.

அலுவலக வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவரின் உறுதிச் சான்று தேவை, இல்லத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, விசா முடிவதற்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிப்பது ஆகியவை அதன் பின்னே வரும். பதிவுப் படிவத்தில் மதம் என்ற இடத்தில் கத்தோலிக்கர் என்று எழுதினால் திருச்சபை வரி பிடிப்பார்கள் என்று சிலர் உங்களைப் பயமுறுத்தக்கூடும். அந்த வரி வருமான வரியின்மீது, மாநிலத்தைப் பொறுத்து 8 அல்லது 9 சதவீதமாக, விதிக்கப்படுவது. தன்னார்வலரின் கைச்செலவுப் பணத்துக்கு வருமான வரியே கிடையாது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

ஒன்றில் மட்டும் நீங்கள் அஞ்சுவது போன்ற அவப்பெயர் உண்மையிலேயே வரக்கூடும்: புகைப்படம். ஒரு தாத்தாவின் பிறந்தநாளில் கேக் ஊட்டும் படத்தைப் பங்கின் இளையோர் குழுவில் போடத் தோன்றும். இங்கே எல்லாரும் பாராட்டுவார்கள். அங்கே, எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் இல்லவாசியின் முகத்தையோ உடல்நிலையையோ வெளியிடுவது சட்ட மீறல். அந்தக் காரணத்துக்காகவே பணி முடிவுக்கு வரலாம். பங்கு மக்கள் படம் கேட்டால் தோட்டத்தையும் சிற்றாலயத்தையும் எடுத்து அனுப்புங்கள்.

குளிரைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. கம்பளிச் சட்டையோடு வளர்ந்தவர்களுக்கு வெப்பநிலை அவ்வளவாகச் சிரமம் தராது. வெளிச்சக் குறைவுதான் சிரமம். டிசம்பரில் எட்டு மணிவாக்கில் விடிந்து, மாலை நான்கு, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். காலைப் பணிக்கு இருட்டில் போவீர்கள். நவம்பரில் காரணம் தெரியாமல் சோர்வும் அழுகையும் வந்தால், அதில் வெளிச்சக் குறைவுக்கும் பங்குண்டு என்று அறிந்து, விடுப்பு நாளிலும் மதிய இடைவேளையிலும் கட்டாயம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். துணியை அறைக்குள் உலர்த்திவிட்டுச் சன்னலைச் சாத்தியே வைத்தால், ஏற்காட்டில் ஐப்பசி மழையில் அலமாரிக்குள் பூஞ்சை பிடிப்பதுபோல் அங்கே சுவரில் பிடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை ஐந்து நிமிடமாவது சன்னலை முழுவதும் திறந்துவிட வேண்டும். சமையலறையில் காய்ந்த மிளகாய் தாளிக்கும் முன்பும் சன்னலைத் திறங்கள். புகையறி கருவி அலறினால், சில இல்லங்களில் தீயணைப்பு வண்டியே வந்து நிற்கும்.

ஞாயிறு திருப்பலிக்குப் போனால் நம் ஊர்க் கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். பல கோயில்களில் முதியவர்கள் சிலரே இருப்பார்கள். அவர்களாக வந்து பேசவும் மாட்டார்கள். பாடகர் குழுவில் சேர்ந்துவிடுங்கள். பாட்டைச் சேர்ந்து பாட ஏ2 போதும், வாரம் ஒரு மாலை மனிதர்களோடு கழியும், உச்சரிப்பும் திருந்தும். பெரிய நகரங்களில் ஈழத்தமிழர் கடைகளில் அரிசியும் கறிவேப்பிலையும் கிடைக்கும். ஆகஸ்டில் கேவ்லார் மாதா திருத்தலத்துக்கு அவர்கள் பெருந்திரளாக யாத்திரை வருவார்கள், முடிந்தால் போய்வாருங்கள். வீட்டுக்குப் பேசுவதற்கு நாள், நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் மூன்றரை மணி நேரமும், அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பின் நாலரை மணி நேரமும் நாம் முன்னே இருப்போம். தினமும் இரண்டு மணி நேரம் அம்மாவோடு காணொளியில் இருப்பவர்களுக்கு அந்த ஊர் ஊராகவே ஆவதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெற்றவர்களை இப்படிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்களே என்ற கோபம் முதல் மாதத்தில் வரும். யாரையும் தீர்ப்பிடாதீர்கள்; வாரந்தோறும் தவறாமல் வரும் மகள்களையும், மனைவியின் தலையைத் தினமும் வாரிவிடும் கணவர்களையும் அங்கேயே பார்ப்பீர்கள். நீங்கள் ஊட்டிவிட்ட ஒருவர் ஒருநாள் இறந்துபோவார். மறுநாள் அந்த அறையைச் சுத்தம் செய்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். அது உங்களை உலுக்கும். ஜெபிக்கும்போது அழுதால் போதும் என்று இருந்துவிடாமல், அன்றே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். இறுதிச் சடங்குக்குப் போக அனுமதி கேளுங்கள். யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். இரவில் தனிமை தாங்கவில்லை என்றால், திருச்சபைகள் நடத்தும் 0800 1110111 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் பேசலாம். அவசரத்துக்கு 112, இரவில் மருத்துவர் வேண்டுமென்றால் 116117.

அங்கேயே மூன்றாண்டு செவிலியர் பயிற்சியில் சேரும் எண்ணம் இருந்தால் அதை மறைக்காதீர்கள். பொதுவாக ஏ2-க்கு மேற்பட்ட பி1 அல்லது பி2 நிலை மொழித் தேர்ச்சி கேட்பார்கள் என்பதால் வழிகாட்டியிடம் முதல் மாதமே சொல்லிவிட்டு மாலை மொழி வகுப்பில் சேருங்கள். ஊர் திரும்புவதானாலும் தங்குவதானாலும், பணிச் சான்றிதழ் பெற உங்களுக்கு உரிமை உண்டு. செய்த வேலைகளை விவரமாக எழுதச் சொல்லி, பணி முடியும் நாளுக்கு முன்பே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.