ஸ்டோயிக் தத்துவத்தை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிப்பது?

எதற்கும் அசையாமல் கல் மாதிரி இருப்பதுதான் ஸ்டோயிக் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்த்து நடக்கச் சொல்லும் பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவம் அது. எபிக்டெட்டஸிடமிருந்து தொடங்குங்கள். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, கிரேக்கத்தின் நிக்கோபொலிஸில் பாடம் நடத்தியவர். அவர் பேசியதை மாணவர் அர்ரியன் எழுதிவைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது.

அவர் சொல்லும் பொதுக் குளியல் கூடத்து உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிளம்பும் முன்பே அங்கே நடக்கப்போவதை நினைத்துப் பார் என்கிறார். ஒருவன் தண்ணீரை வாரி அடிப்பான், ஒருவன் இடிப்பான், ஒருவன் திட்டுவான், இன்னொருவன் திருடுவான். 'குளிக்கவும் வேண்டும், நிதானமும் தவறக் கூடாது' என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். அடுத்தவன் தண்ணீர் அடிப்பது நம் கையில் இல்லை. அதற்குக் கொதிப்பதா வேண்டாமா என்பது நம் கையில். நான் காலையில் பைக்கை எடுக்கும்போது இதையே செய்கிறேன்: இன்றும் யாராவது இண்டிகேட்டர் போடாமல் திரும்புவார். சொல்லிவைத்தாற்போல் திரும்புகிறார். பாதி நாட்கள் திட்டாமல் போய்விடுகிறேன், மீதி நாட்களைக் கேட்காதீர்கள்.

அப்புறம் செனெகா, இன்னொரு ஸ்டோயிக். ரோமப் பேரரசன் நீரோவின் ஆசிரியர், பெரும் பணக்காரர், அது தனிக்கதை. இரவில் விளக்கை அகற்றி, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாளை ஒன்று விடாமல் புரட்டிப் பார்ப்பாராம். யாரிடமாவது தேவைக்கு மேல் கடுமையாகப் பேசியிருந்தால், 'இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னித்தேன்' என்று தனக்கே சொல்லிக்கொள்வார். இதற்கு நோட்டு, பேனா எதுவும் வேண்டாம். படுத்தபடியே செய்யலாம், போனை மட்டும் தள்ளி வைத்துவிடுங்கள்.