ரீச்சரிடம் கேளுங்கள்: எழுதும் நாவலும் திருத்தும் நாவலும்

கேள்வி: வணக்கம் ரீச்சர். என் முதல் நாவலைப் பதிப்பாளர் ஏற்றுக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்குள் இரண்டாவது நாவலும் பாதி வளர்ந்துவிட்டது. பகலில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை. இரவில் ஒன்றைக் கையில் எடுத்தால் மற்றது கூப்பிடுகிறது. இரண்டையும் எப்படிக் கொண்டுபோவது?
– வாசகர், மூதூர்

பதில்: தம்பி, நானும் இப்போது இதே நிலையில்தான் இருக்கிறேன். திருத்தத்தில் இருப்பது, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட நாளைப் பற்றிய நாவல். பதினொரு வயதுப் பையன் சொல்லும் கதை. எழுதிக்கொண்டிருப்பது, 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாத் துறையில் ஆட்களை அக்கரை சேர்த்த 'பாதை' என்னும் மிதவைப் படகைப் பற்றியது. அதைச் சொல்பவள் துறையடியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஆமினா.

நேரத்தை எப்படியாவது பிடுங்கிக்கொள்ளலாம். ஒரு நாவலின் குரல் மற்றதற்குள் புகுந்துவிடுவதுதான் பெரிய இடைஞ்சல். பையன் மூச்சிரைக்கப் பேசுவான். மூன்று சொல்லில் வாக்கியம் முடிந்துவிடும். ஆமினாவோ வந்தவரின் ஊர், உறவு, போன போக வெள்ளாமை எல்லாம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவாள். பையனைத் திருத்திய கையோடு ஆமினாவிடம் போனால், அவளும் வெட்டி வெட்டிப் பேசத் தொடங்கிவிடுகிறாள். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஓர் இரவுத் தூக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். விடியுமுன் எழும்பி, சி.ஆர். எனப்படும் தடித்த அட்டைக் கொப்பியில் பேனாவால் புதிய நாவல். முதல் நாள் எழுதிய கடைசிப் பக்கத்தை வாய்விட்டு வாசித்த பிறகே அடுத்த வரி. திருத்தம் பின்னேரத்தில், அச்செடுத்த தாள்களில். சொல் மாற்றத்துக்குச் சிவப்புப் பேனா, இடம் மாறும் பந்திகளுக்குப் பென்சில். நீங்களும் விடியற்காலையைத் திருத்தத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். களைத்த மனமும் ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்துவிடும்; ஆமினாவைப் பேசவைக்க அதனால் முடியாது.

ஆனால் பதிப்பாளரின் குறிப்புகளை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். சொல், வாக்கியம், காலக்கணக்கு பற்றியவை புதிய எழுத்தோடு கூடவே நடக்கும். அத்தியாயத்தையே மறுபடி எழுதவைக்கும் குறிப்பு அப்படி நடக்காது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கியில் விமானம் மோதும் அத்தியாயத்தின் ஓரத்தில், செம்மையாக்குபவர் பென்சிலால் கேட்டிருந்தார்: "பையன் உப்புவெளியில் பதுங்குகுழிக்குள் இருக்கிறான். அங்கே அவன் காதுக்கு எட்டுவது என்ன?" அந்த ஒரு வரி அத்தியாயம் முழுவதையும் புரட்டிப்போட்டது. விமான இரைச்சல், தலைக்கு மேலே மண் உதிரும் ஓசை, தாயின் மடிக்குள் முகம் புதைத்த தம்பியின் விம்மல், நெடுநேரம் கழித்து வரும் எரியெண்ணெய் நாற்றம் என்று எல்லாவற்றையும் காதாலும் மூக்காலும் எழுத வேண்டியிருந்தது. பெயர்தான் திருத்தம். அதற்கு விடியற்காலையைக் கொடுத்தேன். ஆமினாவின் கொப்பியை மூடிவைத்தேன்.

மூடுமுன் அதில் இப்படி எழுதினேன்: "பாதை நடுத்துறையில் நிற்கிறது. ஆமினாவின் கையில் மருந்துப் போத்தல். மகன் அக்கரையில். முதலில் பாதைக்காரரை ஏசுகிறாள்." அத்தியாயத்தை முடித்துவிட்டு நிறுத்தாதீர்கள் தம்பி, ஒருவர் வாய் திறக்கப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். கிழமைக் கணக்கில் விட்டுத் திரும்பினாலும் அந்த இடத்தில் சட்டென்று நுழைந்துவிடலாம்.

கேள்வி: இரண்டில் எதை முதலில் முடிப்பது ரீச்சர்?
– வாசகி, நிலாவெளி

பதில்: திகதி சொல்லி வாக்குக் கொடுத்ததை.

கேள்வி: திருத்தித் திருத்தி என் பழைய நாவல் எனக்கே அலுத்துவிட்டது. புதியதுதான் இனிக்கிறது. பழையதை விட்டுவிடலாமா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: வேண்டாம் மகள். புதியதும் நடுப்பகுதிக்கு வந்ததும் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். அப்போது மூன்றாவதைத் தொடங்குவீர்களா? அலுத்துப்போன அத்தியாயத்தை வேறு யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் தடுக்கி நிற்கும் இடங்களை மட்டும் திருத்துங்கள், மற்றவற்றில் கைவைக்காதீர்கள்.

எனக்கு 1942இன் கதையைச் சொன்னவர்கள் அன்று சிறுபிள்ளைகள். இன்று இருப்பவர்கள் தொண்ணூறை நெருங்கியோ தாண்டியோ இருக்கிறார்கள். திருக்கடலூரில் ஒரு பெரியவர், பதுங்குகுழியில் மணல் கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கியதைத் தோளைக் குலுக்கிக் காட்டினார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த மணல் அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அந்தக் குலுக்கலை நாவலில் எழுதியிருக்கிறேன். அதை அவர் கேட்கும்படி வாசித்துக் காட்ட வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்; அதனால்தான் புதியது எவ்வளவு இனித்தாலும் பின்னேரங்களில் பழைய தாள்களை எடுக்கிறேன். உங்கள் நாவலுக்கும் யாராவது வாய்திறந்து கதை சொல்லியிருப்பார்கள். இந்தக் கிழமையே பதிப்பாளருக்கு எழுதி, திருத்தத்தை எந்தத் திகதிக்குள் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள்.