சாக்கை விரித்துப் படுங்கள்: யோகா கேள்வி பதில்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஞாயிறு மாலை பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) யோகா சொல்லிக் கொடுக்கிறேன். பாட்டு, எழுத்து பற்றியும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

டீச்சர், 22 வருசமாகக் கொழுந்து பறிக்கிறேன். ராத்திரியில் கழுத்தும் இடுப்பும் தூங்க விடுவதில்லை. ஒரு வகுப்பில் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னார்கள். வலி கூடிவிட்டது. (மஸ்கெலியா)

கூடத்தான் செய்யும் அக்கா. பகல் முழுக்கத் தேயிலை நிரையில் குனிந்தவரை மறுபடி குனிய வைத்தால் வேறென்ன ஆகும்? கூடைக் கயிறு தலையில் மாட்டியிருக்கிறது. பாரம் ஏற ஏறக் கழுத்து முன்னால் நீளும், தோள் உள்ளே சுருளும். உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்.

சீமெந்துத் தரை குளிரும், காய்ந்த சாக்கு இரண்டை விரியுங்கள். துவாயைச் சுருட்டித் தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுங்கள். முழங்கால் மடிந்திருக்கட்டும், கைகள் இரண்டு பக்கமும் விரியட்டும். மெதுவாகப் பத்து மூச்சு. எங்கள் வகுப்பில் ஒரு அம்மா முதல் நாள் இப்படிப் படுத்தபோது அவருடைய தோள் தரையைத் தொடவே இல்லை, நாலு விரல் இடைவெளி. தொட மூன்று வாரம் பிடித்தது. அப்புறம் துவாயை எடுத்துவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டே இடுப்பைத் தூக்குங்கள், விட்டுக்கொண்டே இறக்குங்கள். ஆறு தடவை போதும். இதுதான் சேதுபந்தாசனம். கழுத்தை வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ கால் மரத்தாலோ முதலில் கிளினிக். சிறுநீர் அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வீட்டுக்காரருக்குப் பிரஷர். யூடியூப் பார்த்துச் சிரசாசனம் செய்கிறார், குளிசையை நிறுத்தப் போவதாகவும் சொல்கிறார். (பண்டாரவளை)

இரண்டுமே கூடாது. வேகமாக மூச்சை அடிக்கும் கபாலபாதியும் அவருக்கு வேண்டாம். குளிசையைக் குறைப்பதா இல்லையா என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுக்கிறேன். புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. (தலவாக்கலை)

தம்பி, நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும், அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் செய்.

அப்புறம் எழுது. 1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மாணவர்களை மனதை உலுக்கிய விஷயங்களைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், 4 நாள் எழுத வைத்தார். உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் வைத்தியரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதிய கையோடு அவர்களுக்கு மனது கனத்தது, அதையும் எதிர்பார்த்துக்கொள். லயத்துச் சின்ன அறையில் கொப்பியை ஒளிக்க இடமேது என்று கேட்பாய். எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் மட்டும் எழுதிக்கொண்டிருக்காதே, மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்துப் பேசு.

எனக்கு ஆசனமெல்லாம் வளையாது மகள். தாலாட்டும் ஒப்பாரியும் பாடுவேன். அது யோகாவில் சேருமா? (பதுளை)

அம்மா, ‘ஆராரோ’வை ஒரே மூச்சில் இழுத்துப் பாருங்கள். தம்பிக்கு எண்ணி எண்ணிச் சொல்லிக் கொடுத்த அதே நீண்ட வெளிமூச்சு அதில் தானாக வருகிறது. வாயை மூடிக்கொண்டு அதையே முனகினால் கிட்டத்தட்ட பிராமரி, வண்டு போல ரீங்கரிக்கும் மூச்சுப் பயிற்சி. அப்படி முனகும்போது மூக்கில் நைட்ரிக் ஒக்சைட் வாயு சாதாரண மூச்சைவிட 15 மடங்கு கூடுவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். மாசியில் காமன் கூத்துக்கு விடிய விடியப் பாடுகிறவர்களுக்கு நான் போய் மூச்சுப் பயிற்சி சொல்லவா? ஒப்பாரியைத் தனியாக இருந்து பாடாதீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

மழை பெய்தால் மண்சரிவுப் பயத்தில் தூக்கமில்லை. பிராணாயாமம் ஏதாவது? (கொஸ்லந்தை)

2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து மலை சரிந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஊர் உங்களுடையது. அந்தப் பயத்தை நோய் என்று சொல்ல மாட்டேன். முதலில் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்: நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று. ஏதாவது ஒன்று இருந்தால் உடனே வெளியேறி, கிராம சேவகரிடமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லுங்கள். அடையாள அட்டை, குளிசை, டோர்ச் ஒரே பையில் கதவோரம் இருக்கட்டும். அதெல்லாம் முடிந்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டால், அந்த நாலு–ஆறு மூச்சு.