"நான் எங்கே அப்படிச் சொன்னேன்?" – ஆவண நாடகம் எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

வேலூரைச் சுற்றியுள்ள தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) தொழிலாளர்கள், பீடி சுற்றும் பெண்கள், பாலாற்றங்கரை விவசாயிகள் இவர்களெல்லாம் பேசியதை வைத்துப் பதினாறு வருடமாக நாடகம் எழுதி வருகிறேன். கதை கட்டுவதில்லை. மனிதர்கள் சொன்ன சொற்களையும் தீர்ப்பு, அரசாணை, கடிதம் போன்ற காகிதங்களையும் மட்டும் வைத்து எழுதுவதுதான் ஆவண நாடகம். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

குடியாத்தம், கல்லூரி மாணவி: அக்கா, எங்கள் தெருவில் பீடி சுற்றும் இருபது பெண்களிடம் பேசிப் பதிவு செய்துவிட்டோம். இதை எப்படி நாடகமாக்குவது? எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

முதலில் எல்லாவற்றையும் எழுத்தில் இறக்குங்கள். நாடகத்துக்குத் தேவையான இடம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். எது தேவை என்று இப்போது உங்களுக்குத் தெரியாது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆகும். இருமல், நடுவில் குழந்தையை அதட்டியது, பதில் சொல்லாமல் இருந்த நேரம் எல்லாம் அதில் வர வேண்டும். இப்போது பேச்சை எழுத்தாக்கித் தரும் செயலிகள் இருக்கின்றன. நம் ஊர் "சொல்லிக்கினு" அதில் "சொல்லிக்கொண்டு" ஆகிவிடுகிறது. அந்தப் பெண்ணே அங்கே காணாமல் போய்விடுகிறாள். அதனால் கையால் எழுதச் சொல்கிறேன்.

அப்புறம் அச்செடுத்து, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். நடந்ததைச் சொல்லும் இடங்களை ஒரு பக்கமும் கருத்துச் சொல்லும் இடங்களை இன்னொரு பக்கமும் வையுங்கள். "எங்களுக்குக் கூலி பத்தல" என்பது கருத்து. அது உண்மைதான், ஆனால் மேடையில் நகராது. "அன்னைக்கு எண்ணும்போது நாப்பது பீடியைக் கழிச்சுப் போட்டான், நான் அதைப் பொறுக்கிக்கினு வந்தேன்" என்பது நிகழ்ச்சி. கூலி பத்தவில்லை என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. நிகழ்ச்சிகளை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, கருத்தை உப்பு அளவுக்குச் சேருங்கள்.

பிறகு துண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மாமியார் சொன்னதற்குப் பக்கத்தில் மருமகள் சொன்னது, ஆயிரம் பீடிக்குக் கூலி பெறுகிறவர் சொன்னதற்குப் பக்கத்தில் கணக்கு எழுதுகிறவர் சொன்னது. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். மேடையில்தான் முதல்முறையாக ஒருவருக்கொருவர் பதில் சொல்கிறார்கள். எழுத்தாளராக நீங்கள் செய்யும் வேலை இந்த அடுக்குதான். சொல் அவர்களுடையது.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். பேரணாம்பட்டில் ஒரு பெரியம்மா, "இலை காஞ்சிருந்தா சுத்த வராது, உடைஞ்சிடும். நனைச்சு வச்சாத்தான் வளையும்" என்றார். எனக்கு அந்த வரி அவ்வளவு பிடித்துப் போனது. அதன் பின்னால் "எங்க பொழப்பும் அப்படித்தான்" என்று நானே ஒரு வரி சேர்த்துவிட்டேன். முதல் நிகழ்ச்சியில் கைதட்டல் வந்தது அந்த வரிக்குத்தான். முன்வரிசையில் இருந்த பெரியம்மா முடிந்ததும் என்னிடம் வந்து, "இலையைப் பத்தித்தானே சொன்னேன், பொழப்பைப் பத்தி நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, குழப்பத்தோடு கேட்டார். மறுநாளே அந்த வரியை எடுத்தேன். அதற்குப் பிறகு அரங்கில் யாரும் அங்கே கைதட்டவில்லை. இலை நனையும் வரை அமைதியாகப் பார்த்தார்கள். அதன் பிறகு யார் வாயிலும் நான் ஒரு சொல்லைக்கூட வைத்ததில்லை.

ஆற்காடு: ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது என்றால், வெட்டலாமா? வரிசையை மாற்றலாமா?

வெட்டலாம். வெட்டாமல் நாடகமே இல்லை. என் கடைசி நாடகத்துக்கு 34 பேர் பேசிய 41 மணி நேரப் பதிவு இருந்தது. மேடையில் வந்தது 75 நிமிடம். ஒருவர் முதலில் சொன்னதைப் பின்னால் கொண்டுபோகவும் செய்யலாம். காரணமும் விளைவும் இடம் மாறக் கூடாது, அவ்வளவுதான். "கிணறு கெட்டுப்போச்சு, நிலத்தை வித்தோம்" என்றவர் பேச்சை, பெண் கல்யாணத்துக்காக நிலத்தை விற்றது போலத் தெரியும்படி அடுக்கினால் ஒரு சொல் மாற்றாமலே பொய் சொன்னதாகிவிடும். ஆகவே அடுக்கி முடித்ததும் பேசியவரிடமே வாசித்துக் காட்டுங்கள். என்னைப் பொறுத்தவரை இது மரியாதைக்காகச் செய்வது மட்டும் இல்லை, சரிபார்க்கும் வேலையும் இதுதான்.

ஆற்காடு, அதே நண்பர்: நடிகர்கள் "இன்னா", "க்கினு" என்று பேசினால் கூட்டம் சிரிக்கிறது.

அது நடிகர்கள் பேச்சைத் தூக்கிக் காட்டுவதால் வருவது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு மூலக் குரலைக் கேட்டபடியே கூடவே பேசிப் பழகச் சொல்லுங்கள். பத்து நாள் போதும். பேசியவர் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே நடிகரும் வாங்குவார். சிரிப்பு தானாக அடங்கும்.

மேல்விஷாரம்: எங்கள் வீட்டில் உருது பேசுகிறோம். அம்மா பேசியது முழுவதும் தக்கனி உருது. தமிழில் மாற்றினால் அது அவர் சொல் ஆகுமா?

ஆகாது. அது உங்கள் சொல். ஆனால் மறைக்காமல் செய்தால் தவறில்லை. நான் செய்கிற வழி: முக்கியமான இரண்டு மூன்று வாக்கியங்களை உருதுவிலேயே விட்டுவிடுவேன். மகனோ மகளோ மேடையில் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார். நம் வீடுகளில் ஆஸ்பத்திரியிலும் தாலுகா ஆபீஸிலும் நடப்பதே இதுதானே? மொழிபெயர்க்கும் மகன் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தையும் எழுதுங்கள்.

ராணிப்பேட்டை: அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்கிறார். பேசத் தயார், ஆனால் வேலை போய்விடுமோ என்று பயம். பெயரை மாற்றினால் போதுமா?

போதாது தம்பி. "டிரம் செக்‌ஷனில் இருபது வருடம், இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர்" என்று எழுதினால் பெயர் எதற்கு? ஊரே கண்டுபிடித்துவிடும். வயது, பிரிவு, காயம், சொந்த ஊர் இந்த நான்கில் எதெல்லாம் சேர்ந்தால் ஆள் தெரிவார் என்று அப்பாவிடமே கேட்டு, அவர் காட்டுவதை எடுத்துவிடுங்கள். பல பேரைச் சேர்த்து ஒரு பாத்திரம் ஆக்குகிற வழியும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படி ஓர் ஆள் எங்கும் இல்லை, அவருக்கு யாரும் வாசித்துக் காட்ட முடியாது. அதைவிட ஒருவர் பேச்சை மூன்று நடிகர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் குரல் இருக்கும், முகம் தெரியாது.

ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் நடந்த, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் பற்றிய வழக்கு விசாரணையை வைத்து, ஜெர்மன் மொழி நாடக ஆசிரியர் பீட்டர் வைஸ் 1965இல் எழுதிய நாடகத்தில் சாட்சிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் உண்மைப் பெயரோடு வருகிறார்கள். யாருக்குப் பாதுகாப்பு வேண்டும், யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. உங்களுக்கும் அது உதவும்.

இன்னொன்று. சம்மதத்தை மூன்று முறை கேளுங்கள்: பதிவுக்கு முன், எழுத்தில் இறக்கிய பின், நாடகம் முடிவான பின். மூன்றாவது முறை வேண்டாம் என்றாலும் எடுத்துவிட வேண்டும். எனக்கு ஒரு முறை மிக நல்ல காட்சி ஒன்று அப்படிப் போனது. போகட்டும் என்றுதான் விட்டேன்.

வாணியம்பாடி, சட்ட மாணவர்: பாலாறு வழக்கின் தீர்ப்பை நாடகத்தில் பயன்படுத்தலாமா? படித்தால் தூக்கம் வருகிறது.

பயன்படுத்தலாம். நீதிமன்றத் தீர்ப்பை எடுத்தாளக் காப்புரிமைச் சட்டம் தடையாக இல்லை. பத்திரிகைக் கட்டுரையை முழுசாக எடுப்பதற்கு மட்டும் அனுமதி கேளுங்கள்.

நீங்கள் சொல்வது, தோல் ஷாப் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தையும் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு; தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்குண்டு. அதை நீளமாக வாசிக்காதீர்கள். எண்களைப் பொருளாக மாற்றுங்கள். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதில் வருகிறது. நாங்கள் அந்த இடத்தில் மூன்று குடம் தண்ணீரை ஒரு துண்டுத் தோலின் மேல் மெதுவாக ஊற்றினோம். ஊற்றி முடியும் வரை யாரும் பேசவில்லை. தோல் பதனிடும் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்றும் வருகிறது. ஹெக்டேர் என்றால் நம் விவசாயிக்கு என்ன தெரியும்? அதனால் ஒருவர் தீர்ப்பை வாசிக்க, இன்னொருவர் "ஏக்கர்ல சொல்லு" என்று கேட்கும்படி வைத்தோம். 86,000 ஏக்கருக்கு மேல். "ஏக்கர்ல சொல்லு" என்பதும் நான் எழுதியது இல்லை. நேர்காணலில் ஒரு விவசாயி என்னிடம் கேட்டதுதான்.

ஆம்பூர்: முதலாளிகள் தரப்பையும் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம் பேசுங்கள். கூட்டுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செலவிட்டது, ஆர்டர் கைவிட்டுப் போன வருடங்கள், இந்தத் தொழிலை நம்பி எத்தனை குடும்பம் என்று அவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. ஆனால் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று தராசில் நிறுத்த வேண்டியதில்லை. கிணறு போனவருக்கு அதிக நேரம் கொடுப்பது பாரபட்சம் ஆகாது.

வேலூர், வரலாற்று மாணவி: 1806 சிப்பாய்ப் புரட்சியை இப்படி எழுத ஆசை. பேச யாருமே உயிரோடு இல்லையே?

காகிதம் நிறைய இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், எழுதியவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்து ஆட்கள். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டைக்குள் என்ன நடந்தது என்பது அதிகாரிகளின் கடிதங்களிலும் விசாரணைக் குறிப்புகளிலும் இருக்கிறது. சிப்பாய் பேசியிருந்தால் அதுவும் மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆங்கிலமாகித்தான் நம் கைக்கு வருகிறது. அதனால் சிப்பாய்க்கு நெருப்பு வசனம் எழுதாதீர்கள். கம்பெனிப் படை கட்டாயமாக்கிய புதிய தலைப்பாகையை மே மாதம் மறுத்தவர்களில் இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி தீர்ப்பானது. அந்த உத்தரவை ஒருவர் வாசிக்கட்டும். அந்த இருவர் இடத்தில் இரண்டு நடிகர்கள் பேசாமல் நிற்கட்டும். அவர்கள் சொன்னது அவர்கள் மொழியிலேயே நம் கைக்கு வரவில்லை என்பதும் ஓர் ஆவணம்தான். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாளில் போய்த் திரும்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

செய்யாறு, கூத்துக் கலைஞர்: அம்மா, நாற்பது வருடமாக வேஷம் கட்டுகிறேன். எங்கள் கூத்துக்கும் நீங்கள் சொல்வதற்கும் சம்பந்தம் உண்டா?

ஐயா, உங்களிடம்தான் நான் கற்க வேண்டும். திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் முதலில் "வந்தாரே மகாராஜா" என்று தன்னையே வேறொருவராகப் பாடுகிறார். திரை விலகிய பிறகுதான் "நான்" என்கிறார். கூத்தைக் கேள்வி கேட்டு நடத்திச் செல்லும் கட்டியக்காரன் "நீங்கள் யார், எந்த ஊர்?" என்று கேட்கிறான். ஒரு நடிகர் இன்னொருவர் வாழ்க்கையைப் பேசப் போகிறார் என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்லும் முறையை நான் பார்த்ததில்லை. எங்கள் நாடகத்தில் நேர்காணல் எடுத்தவர் கட்டியக்காரனாகத்தான் வருகிறார். நடிகர் முதலில் "இவர் பேரணாம்பட்டுக்காரர், ஐம்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார்" என்று படர்க்கையில் சொல்லிவிட்டுத்தான் அவராக உட்காருகிறார். உங்களுக்கு நேரம் இருந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு திரைப் பாட்டு சொல்லிக்கொடுங்கள் ஐயா.

காட்பாடி: எந்த ரெக்கார்டர் வாங்கலாம்?

கையில் இருக்கும் போனே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனைத் துணி மேல் வையுங்கள்.

சோளிங்கர்: போலீசிடம் நாடகப் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமா?

அப்படிக் கேட்க வழிவகுத்த 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. தெருவையோ மைதானத்தையோ பயன்படுத்தவும் ஒலிபெருக்கி வைக்கவும் அனுமதி வேறு. அதை முறையாக வாங்கிவிடுங்கள்.

வாணியம்பாடி: 1903 பாலாற்று வெள்ளத்தைப் பற்றி எங்கள் பாட்டி சொல்வார். அவருக்கு 88 வயது. அவருடைய பாட்டி பார்த்தது. இது ஆவணம் ஆகுமா?

ஆகும். வெள்ளத்துக்கு ஆவணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு குடும்பம் அதை எப்படி வைத்திருந்தது என்பதற்கு ஆவணம். மேடையில் "என் பாட்டிக்கு அவர் பாட்டி சொன்னது" என்றே தொடங்குங்கள். அரசுக் குறிப்பில் வேறு மாதிரி இருந்தால் பாட்டியைத் திருத்த வேண்டாம், இரண்டையும் வையுங்கள். "தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சாம்?" என்று கேட்டு, சுவரில் கையால் காட்டச் சொல்லுங்கள். எண்ணில் வராதது கையில் வரும். காலையில், டீ குடித்த பிறகு போங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாட்டி ஒரு பெயரை மறந்தால் அம்மா எடுத்துக் கொடுப்பார், இல்லை அது வேறு ஆள் என்று பாட்டி மறுப்பார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அப்போது குறுக்கே போகாமல் போனை ஓட விடுங்கள்.